வீட்டில் அவரவர் இடம் எப்படி அமைகிறது? – வாசகர் கேள்வி பதில்

குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஏற்கும் பொறுப்பையும், அவர்களுக்கிடையே திரும்பத் திரும்ப எழும் சச்சரவுகளையும் நடத்தையியல் (ஒரு செயலை அதற்குப் பின் கிடைக்கும் விளைவைக் கொண்டு விளக்கும் உளவியல் மரபு) கோட்பாடுகள் எவ்வளவு தூரம் விளக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பொறுப்பானவள், நடுவில் உள்ளவன் அடங்காதவன், கடைக்குட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவன். ஒரே பெற்றோர், ஒரே வளர்ப்பு. பிறகு ஏன் இந்த வேறுபாடு? இது பிறவிக் குணம்தானே?

பதில்: ‘ஒரே வளர்ப்பு’ என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நடத்தையியலார் முதலில் கேள்விக்கு உட்படுத்துவார்கள். வீடு ஒன்றுதான், ஆனால் ஒரு பிள்ளை ஏதேனும் செய்த மறுகணம் அந்த வீடு அதற்குத் திருப்பித் தருவது மூவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கூண்டில் அடைக்கப்பட்ட பூனைகள் வெளியேறக் கற்றுக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்து 1898-இல் எழுதிய உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், நல்ல விளைவைத் தந்த செயல் மீண்டும் தலைகாட்டும், தராத செயல் மெல்ல மறையும் என்ற முடிவுக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலில் இந்த எண்ணத்தை ஒரு முழுமையான ஆய்வு முறையாக வளர்த்தார். ஒருவருடைய மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதற்கு முன்னால், அவர் செய்த செயலுக்கு அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள் என்பதே இந்த மரபின் அடிப்படை.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். மூத்தவள் சிறுமியாக இருந்தபோது, அழுதுகொண்டிருந்த தம்பியைத் தானாகவே சென்று தட்டிக்கொடுத்திருப்பாள். அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் தெரிந்த நிம்மதி அவளுக்குக் கிடைத்த முதல் பரிசு. ‘என் பெண் எவ்வளவு பொறுப்பு!’ என்று அவள் காதுபட யாரிடமாவது சொல்லியிருந்தால் அது இரண்டாவது பரிசு. அடுத்த முறை குழந்தை அழுதபோது நீங்களே அறியாமல் அவளைத் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். அவளும் எழுந்து போயிருப்பாள். நடுவில் உள்ளவன் வளர்ந்தபோது நல்ல பிள்ளை என்ற இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அவன் சத்தமில்லாமல் விளையாடிய நேரங்களை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். எதையாவது உடைத்தபோதுதான் வீடே அவன் பக்கம் திரும்பியிருக்கும். திட்டும் ஒரு வகைக் கவனிப்புதான் என்பதும், கவனிப்புக்கு ஏங்கும் பிள்ளைக்கு அது தண்டனையாக இல்லாமல் ஊக்கமாகவே முடியக்கூடும் என்பதும் பெற்றோர் பலர் எளிதில் ஏற்காத செய்தி. கடைக்குட்டியோ, இறுக்கமான சூழலில் ஒரு சேட்டை செய்தால் அண்ணன் அக்கா சண்டை நின்றுவிடுகிறது என்று கண்டுகொண்டான்.

பிறவிக் குணம் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதியினர் நியூயார்க்கில் 1956-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே இயல்பில் வேறுபடுகிறார்கள் என்பதைத் தெளிவாகக் காட்டியது. இயல்பு ஒரு தொடக்கத்தைத் தருகிறது. அந்தத் தொடக்கத்தை வீடு எப்படி எதிர்கொள்கிறது என்பதைப் பொறுத்து அது வளர்கிறது அல்லது தேய்கிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் அடங்காத பிள்ளை ஆசிரியரிடமும் நண்பன் வீட்டிலும் எப்படி நடந்துகொள்கிறான் என்று விசாரியுங்கள். அங்கே அவன் வேறு ஆளாக இருந்தால், நீங்கள் குணம் என்று நினைத்ததில் ஒரு பகுதியாவது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று பொருள்.

கேள்வி: என் ஏழு வயது மகன் நான் சொல்வதை நான்கு முறை கத்தினால்தான் கேட்கிறான். அவன் அப்பா வந்து ஒரே ஒரு முறை அதட்டினால் அடங்கிவிடுகிறான். எனக்கு அதிகாரம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதா?

பதில்: தெரிந்துவிட்டது என்பதைவிட, நீங்கள் இருவரும் சேர்ந்து அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள் என்பதே பொருத்தம். அவனும் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் பணியாற்றிய ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர், ஆய்வாளர்களைக் குடும்பங்களின் வீடுகளுக்கே அனுப்பி, யார் என்ன சொன்னார், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்று நொடிக்கு நொடி குறித்துக்கொள்ளச் செய்தவர். வற்புறுத்தல் சுழல் என்று நாம் அழைக்கக்கூடிய அவருடைய கோட்பாடு 1982-இல் நூலாக வெளிவந்தது. குடும்பச் சண்டையைப் பற்றி நான் அறிந்த விளக்கங்களில் இதைவிடக் கூர்மையானது வேறு இல்லை.

தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மகன் முனகுகிறான். குரலை உயர்த்திச் சொல்கிறீர்கள். அவன் அழுது கத்துகிறான். ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும் நீங்கள், ‘சரி, இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்’ என்று விட்டுவிடுகிறீர்கள். உடனே அவன் கத்தலை நிறுத்துகிறான். இந்த அரை நிமிடத்தில் இரண்டு பேருக்கு வெகுமதி கிடைத்திருக்கிறது. கத்தியதால் கட்டளை விலகியது என்பது அவன் கற்றது. விட்டுக்கொடுத்ததால் கூச்சல் நின்றது என்பது நீங்கள் கற்றது. விரும்பத்தகாத ஒன்று விலகுவதால் அதை விலக்கிய செயல் வலுப்பெறுவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். தண்டனையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தண்டனை ஒரு செயலைக் குறைக்க முயல்கிறது, இதுவோ செயலை வளர்க்கிறது. இன்னொரு நாள் நீங்கள் விட்டுக்கொடுக்காமல் அவன் அஞ்சும் அளவுக்குக் கத்துகிறீர்கள். அவன் எழுந்து போய் நிறுத்துகிறான். கத்தினால்தான் வேலை நடக்கும் என்ற பாடம் இப்போது உங்களுக்கும் உறுதியாகிவிட்டது. இப்படி இருவரும் மாறி மாறி வென்று, ஒவ்வொரு வெற்றியிலும் குரலை ஒரு படி உயர்த்திக்கொண்டே போகிறீர்கள்.

உங்கள் கணவரின் ‘ஒரே அதட்டல்’ வேலை செய்வதற்குக் காரணம் அவருடைய குரலில் இல்லாமல் இருக்கலாம். அவர் நாள் முழுதும் நூறு கட்டளைகள் இடுவதில்லை. இடும் சிலவற்றில் பின்வாங்குவதுமில்லை. மூன்று முறை சொன்னால் சொன்னது கரைந்துவிடும் என்ற அனுபவம் மகனுக்கு அவரிடம் ஏற்பட்டதே இல்லை. ஆனால் இந்த வேறுபாடு நாளடைவில் ‘அப்பா கண்டிப்பானவர், அம்மா ஏமாளி’ என்ற நிலையான பட்டமாக உறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்களே, ‘அப்பா வரட்டும், சொல்கிறேன்’ என்று மிரட்டத் தொடங்கி, கையில் இருந்த சிறிதளவு அதிகாரத்தையும் அவரிடம் ஒப்படைத்துவிடுகிறீர்கள்.

பேட்டர்சன் குழுவினர் உருவாக்கிய பெற்றோர் பயிற்சி இந்த இடத்தில்தான் தலையிடுகிறது. கட்டளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நிறைவேற்றும் உறுதி உள்ளதை மட்டும் அமைதியான குரலில் ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். கேட்காவிட்டால், முன்பே அறிவித்த சிறிய விளைவு அன்றே நடக்க வேண்டும். கேட்டால் அதை உடனே கவனித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் மறந்துவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

கேள்வி: அடம்பிடித்தால் இணங்குவதில்லை என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் என் அம்மா எப்போதாவது இணங்கிவிடுகிறார். எப்போதாவது ஒரு முறைதானே என்று விட்டுவிடலாமா?

பதில்: 1959-இல் கார்ல் வில்லியம்ஸ் என்பவர் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வறிக்கை உங்கள் கேள்விக்காகவே எழுதப்பட்டதோ என்று தோன்றும். ஏறத்தாழ 21 மாதக் குழந்தை ஒன்று, முன்பு நோயுற்றிருந்த காலத்தில் கிடைத்த தனிக் கவனிப்புக்குப் பழகி, குணமடைந்த பிறகும் தான் உறங்கும்வரை யாராவது அருகில் இருக்க வேண்டும் என்று கத்தி அடம்பிடித்தது. உடல்நலத்தில் குறை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, அன்போடு படுக்கவைத்துவிட்டு, கதவை மூடி, திரும்ப உள்ளே போவதில்லை என்று வீட்டார் தீர்மானித்தார்கள். முதல் முறை குழந்தை 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறைக்குள் முனகல்கூட இல்லை. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, பெற்றோரோடு முறைவைத்துக் குழந்தையை உறங்கவைத்துவந்த உறவுப் பெண்மணி ஒருவர், அது மீண்டும் சிணுங்கியதைக் கேட்டு உள்ளே சென்று, தூங்கும்வரை அருகில் இருந்துவிட்டார். பழைய அழுகை முழுவேகத்தில் திரும்பியது. முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. ஒன்பதாவது முறையில்தான் அது இரண்டாம் தடவையாக நின்றது.

எப்போதாவது ஒரு முறை கிடைப்பது, எப்போதும் கிடைப்பதைவிடப் பிடிவாதத்தை வளர்க்கும். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட விரிவான நூலில் இதைப் புறாக்களைக் கொண்டு காட்டினார்கள்: ஒரு வில்லையைக் கொத்தி, விட்டுவிட்டு, எதிர்பாராத நேரங்களில் உணவு பெற்ற பறவை, உணவு அறவே நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். உங்கள் குழந்தைக்குப் பாட்டியின் இணக்கம் அத்தகையதுதான்.

ஆனால் பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தாதீர்கள். அவர் இணங்கும்போது குழந்தை அழுகையை நிறுத்தி அவரைக் கட்டிக்கொள்கிறது. வீட்டில் அவருக்குக் கிடைக்கும் மிக இனிமையான கணம் அதுவாகவே இருக்கலாம். அதைப் பறித்துக்கொண்டு ஒழுங்கை மட்டும் எதிர்பார்த்தால் அவர் ஒளிவாகச் செய்வார். குழந்தையோடு அவர் மட்டும் இருக்கும் நேரம் ஒன்றை, அழுகைக்குப் பதிலாக அல்லாமல் நாள்தோறும் கிடைக்கும்படி ஒதுக்கிக் கொடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பயத்தாலோ வலியாலோ அழும் குழந்தைக்கு இந்த முறை பொருந்தாது. நடத்தையியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான ஜான் வாட்சன் 1928-இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளைக் கட்டியணைக்கவோ முத்தமிடவோ வேண்டாம் என்று அறிவுறுத்தினார். ஒரு நல்ல கருவியை அது செல்லத்தகாத இடத்துக்கு இழுத்துச் சென்றதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது.

கேள்வி: வீட்டு வேலை பெண்களுக்கு உரியது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனாலும் என் மகன் தன் தட்டை எடுக்காமல் எழுந்து போகிறான். அவனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது?

பதில்: யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துக் கற்றிருக்கிறான். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 72 குழந்தைகளைக் கொண்டு நடத்திய பொம்மைச் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள்: பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், வாய்ப்புக் கிடைத்தபோது தாங்களும் அதே போல அடித்தார்கள். உங்கள் கேள்விக்கு அதைவிட முக்கியமானது 1965-இல் வெளியான அவருடைய தொடர் ஆய்வு. அதில், அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைச் செய்தார்கள். ஆனால் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு என்று அறிவித்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது எல்லாக் குழந்தைகளும் கற்றிருந்தார்கள். சிலர் வெளிக்காட்டவில்லை, அவ்வளவுதான். உங்கள் மகனும் சாப்பிட்ட பிறகு யார் எழுகிறார்கள், யார் உட்கார்ந்தே இருக்கிறார்கள், இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாருடைய தூக்கம் கலைகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்திருக்கிறான். உங்கள் வாய்ச்சொல் அதற்கு முன்னால் எடுபடாது.

சமூகவியலாளர்களான டால்காட் பார்சன்ஸும் ராபர்ட் பேல்ஸும் 1955-இல், வெளியுலகப் பணி கணவனுக்கும் உணர்வுப் பராமரிப்பு மனைவிக்கும் என்ற பிரிவினை குடும்பம் இயங்குவதற்குத் தேவையானது என்று வாதிட்டார்கள். நடத்தையியல் நோக்கில் பார்த்தால் அந்தப் பிரிவினைக்கு அவ்வளவு பெருமை தரத் தோன்றவில்லை. கணவர் ஒரு நாள் துணிகளை மடித்துவைக்கிறார். மனைவி அவற்றைப் பிரித்து மீண்டும் மடிக்கிறார், ‘இப்படியா மடிப்பார்கள்?’ என்ற சொல்லோடு. மறுநாள் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. மனைவிக்கோ தன் விருப்பப்படி மடிந்த துணியும், ‘நான் இல்லாவிட்டால் இந்த வீடு நடக்காது’ என்ற எண்ணமும் கிடைக்கின்றன. கூடவே ஓயாத களைப்பும். கணவர் வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்து தப்பித்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. எதுவாயினும், பங்கு பிரிவது ஒரே நாளில் நடந்த ஒப்பந்தத்தால் அல்ல. இத்தகைய சிறு விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்ததால்தான்.

கேள்வி: படித்தால் பரிசு, வேலை செய்தால் பரிசு என்று அட்டவணை போட்டிருக்கிறோம். சரியா?

பதில்: பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த செயலுக்கு அட்டவணை வேண்டாம். மார்க் லெப்பர் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு கிடைக்கும் என்று முன்பே சொல்லப்பட்டு ஓவியம் வரைந்த சிறுவர்கள், பிற்பாடு தாங்களாக வரையும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. பிடிக்காத வேலையைத் தொடங்கிவைக்க அட்டவணை உதவும். பழக்கம் ஏற்பட்டதும் மெல்ல விலக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பேச வேண்டும் என்றால் என் கணவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். அவர் போவதால் நான் இன்னும் விடாமல் பேசுகிறேன். இதற்கும் உங்களிடம் கோட்பாடு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அவர் அறையை விட்டு வெளியேறினால் வாக்குவாதம் அந்த நேரத்துக்கு நிற்கிறது. அது அவருக்கு நிம்மதி. நீங்கள் விடாமல் தொடர்ந்தால் பத்தில் ஒரு முறையாவது அவர் பதில் சொல்கிறார். மேலே சொன்ன புறாவின் நிலைதான் உங்களுக்கு. ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹேவியும் 1990-இல் இந்தத் துரத்தல்–விலகல் முறையை ஆராய்ந்தபோது கண்டது கவனிக்கத்தக்கது: மனைவி மாற்றம் கோரும் பேச்சில் மனைவி துரத்துவதும் கணவர் விலகுவதும் மிகுதியாக இருந்தன, கணவர் மாற்றம் கோரும் பேச்சில் அந்த வேறுபாடு தெளிவாக இல்லை. ஆகவே இதைப் பெண்ணின் இயல்பு, ஆணின் இயல்பு என்று மட்டும் பார்ப்பது போதாது. யாருக்கு மாற்றம் வேண்டும், யாருக்கு இருப்பது இருந்தபடியே வசதி என்பதும் சேர்ந்துதான் இந்தப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கிறது.

1969-இல் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் தம்பதியருக்கு இடையே ஒப்பந்தம் போடச் செய்து சிகிச்சை அளித்தார்: நீங்கள் இதைச் செய்தால் நான் அதைச் செய்வேன். தொடக்கத்தில் பலன் கண்ட இந்த வழி, கணக்குப் பார்க்கும் மனப்பான்மையில் முடியக்கூடும். நீல் ஜேக்கப்சன் இதே மரபில் சிகிச்சை நூல் எழுதியவர். மேம்பட்ட தம்பதியரில் கணிசமானோர் பிற்பாடு பழைய நிலைக்குத் திரும்பியதைக் கண்டு, கிறிஸ்டென்சனுடன் சேர்ந்து, மாற்றத்தோடு ஏற்றுக்கொள்ளுதலையும் இணைத்த முறையை 1990-களில் உருவாக்கினார். ஆகவே முதலில் பேசுவதற்கு ஒரு நேரத்தையும், முடிப்பதற்கு ஒரு நேரத்தையும் இருவருமாகக் குறியுங்கள். முடியும் நேரம் தெரிந்திருந்தால் ஓடவேண்டிய தேவை குறையும்.

ஒரு எச்சரிக்கை. ‘இருவரும் ஒருவரையொருவர் தூண்டுகிறார்கள்’ என்ற விளக்கம் அடி உதை நடக்கும் வீட்டுக்கு ஏற்றதல்ல. அடிவாங்குபவர் எதையோ செய்து தூண்டினார் என்று சொல்லக் கோட்பாடு இடம் தருவதாகத் தோன்றினால், அந்த இடத்தில் கோட்பாட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பைத் தேடுங்கள்.

கேள்வி: நான் மூத்த மகன். பெற்றோரின் மருத்துவம், தங்கையின் சிக்கல், தம்பியின் கடன் எல்லாம் என்னிடமே வந்து சேர்கின்றன. அண்மையில் ஒன்றிரண்டுக்கு மறுத்தேன்; வீட்டில் பெரும் கோபம். நான் சுயநலக்காரனா?

பதில்: நீங்கள் சொல்லும் கோபம் எதிர்பார்க்கத்தக்கதே. இதுவரை பலன் தந்த செயலுக்குத் திடீரென்று பலன் நின்றால், அந்தச் செயல் குறைவதற்கு முன்னால் சிறிது காலம் உக்கிரமடையும். பொத்தானை அழுத்தியும் மின்தூக்கி வராதபோது நாம் திரும்பிப் போவதில்லை, இன்னும் பலமாக அழுத்துகிறோம் அல்லவா? உங்கள் தம்பியின் பத்துத் தொலைபேசி அழைப்புகள் அப்படிப்பட்டவை. நடத்தையியலோடு பல இடங்களில் முரண்படும் குடும்ப அமைப்புக் கோட்பாட்டாளர் (குடும்பத்தை ஒன்றோடொன்று பிணைந்த ஒரே அமைப்பாகப் பார்ப்பவர்) மர்ரே போவனும், ஒருவர் தன் இடத்தை மாற்றிக்கொள்ள முயன்றால் மற்றவர்கள் அவரைப் பழைய இடத்துக்கே இழுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். இரு வேறு திசைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே இடத்தில் சந்திப்பதால் இதை நான் நம்பத்தகுந்ததாகவே கருதுகிறேன்.

ஆபத்து எதுவென்றால், ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாவது முறை, குரல் மிக உயர்ந்தபோது இணங்குவது. அப்படிச் செய்தால் அடுத்த முறை அவர்கள் அந்த உயரத்திலிருந்தே தொடங்குவார்கள். ஆகவே உங்களால் உறுதியாக விடமுடியும் என்று தோன்றும் ஒன்றை மட்டும் முதலில் தேர்ந்தெடுங்கள். தம்பியின் கடன் அதற்கு ஏற்றது, பெற்றோரின் மருத்துவம் ஏற்றதல்ல. நெருக்கடி இல்லாத நாளில், இனி இதில் என்ன செய்வீர்கள், என்ன செய்யமாட்டீர்கள் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் முறைகளில் ஒன்றைத் தங்கை ஏற்றுக்கொண்டால், அவர் உங்களைப் போல மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிவைக்கவில்லை என்பதற்காக மீண்டும் நீங்களே வாங்கி அடுக்காதீர்கள். போய்வந்ததற்கு நன்றி சொல்லுங்கள். இன்னொன்றையும் உங்களிடமே கேட்டுப்பாருங்கள்: ‘அவன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான்’ என்று அம்மா பிறரிடம் சொல்லும்போது உங்களுக்குக் கிடைக்கும் நிறைவை விட்டுக்கொடுக்கத் தயாரா? தயாரில்லை என்றால், அது உங்களைச் சுயநலக்காரர் ஆக்கிவிடாது. ஆனால் அந்த நிறைவுக்காக எந்தப் பொறுப்பை வைத்துக்கொள்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதை இனி நீங்களாகவே முடிவு செய்யலாம்.